விரதம் என்று சொன்னவர்கள்

இன்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது நீ சோறு கட்டி அனுப்பும் அடுக்குச்சட்டி ஒன்று கிடைத்தது. மூடியைத் திறந்தேன். நீ போய் இரண்டு வருஷமாகியும் ரச வாசம் போகவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகு.

தொண்ணூறுகளின் தொடக்கம். டுரியான் துங்கால் ஊரில் கல்லூரி விடுதிப் பிள்ளைகளுக்கு நீ சமைப்பாய், நான் வேனில் கொண்டுபோய் இறக்குவேன். ஒரு பையனின் சட்டி மட்டும் போனபடியே திரும்பி வந்தது. மாசி மகத்துக்குக் காவடி எடுக்கிறான், விரதம் என்றார்கள் கூட இருந்தவர்கள். தரையில் படுக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, ரேடியோவையும் நல்ல சட்டைகளையும் தானம் கொடுத்துவிட்டான் என்று பெருமை வேறு.

நீ நம்பவில்லை. “விரதக்காரன் பொழுது சாஞ்சா சோத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பான். இவன் மூடியக்கூடத் தொறக்கலையே” என்றாய். மறுநாள் என்னோடு வேனில் வந்து அவனிடமே கேட்டாய், ரேடியோவை ஏன் கொடுத்தாய் என்று. “இனிமே எனக்கு எதுக்கு அத்தை” என்றான்.

விடுதிக் கண்காணிப்பாளரிடம் சொன்னாய், நம் தமிழ் ஆள்தான். “சாமி விஷயம்லா அக்கா, நீங்க சோத்த மட்டும் பாருங்க” என்று சிரித்தார். நீ நேராகக் கல்லூரி ஆபீசுக்குப் போனாய். மேலதிகாரி வரும்வரை பெஞ்சைவிட்டு எழவில்லை. உன் அரைகுறை மலாயை அந்த மலாய்க்கார அதிகாரி அம்மாள் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டார். அன்றே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சாகத் தீர்மானித்திருந்ததை டாக்டரிடம் அவன் தன் வாயாலேயே சொன்னான்.

பிழைத்தான். உனக்குக் கிடைத்தது என்ன? புலாவ் செபாங் ஊரிலிருந்து அவன் அப்பா வந்தார். கோயில் தலைவர். நம் வாசலில் நின்று, “எம் பையனுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டிட்டியே. சோறு விக்கிறவளுக்கு ஏன் இந்த வேலை?” என்றார். கோயில் அன்னதானத்தில் உன்னைக் கரண்டி பிடிக்க விடவில்லை. விடுதிச் சாப்பாடும் நின்றது. நம்மவர்களில் ஒருவர்கூட உனக்காகப் பேச வரவில்லை. “பையன் இருக்கான்ல, போதும்” என்றாய் நீ.

போன வாரம் பசாரில் காய் வாங்கும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பையனுக்கு முப்பது தாண்டி இப்போதுதான் கல்யாணமாம். பழசை மனதில் வைக்காமல் வந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டுமாம். கையை உருவிக்கொண்டேன்.

“வையறதுக்கு எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுது. அவ இருந்தப்ப மன்னிப்புக் கேக்க வழி தெரியலயா?”



கல்யாணத்துக்குப் போவேன். அவன் தலையில் உனக்கும் சேர்த்துக் கை வைப்பேன். அவன் அப்பா நீட்டும் சந்தனத்தைத் தொட மாட்டேன். விட்டுத் தள்ளுங்க என்பாய். இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.