கிணற்றில் அரைப் பங்கு

காங்கேசன்துறை
22.01.2025

அன்புள்ள மச்சாள் தர்சிகாவுக்கு,

நீயும் வாகீசனும் சுகமாக வெள்ளவத்தை போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. நீங்கள் போன அன்று பின்னேரமே இங்கே மழை பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு நீ போட்ட கோலம் கரைந்துபோனதைப் பார்த்து அப்பா, "அவள் கெட்டிக்காரி. மழைக்கு முதல் பெட்டியைக் கட்டிப்போட்டாள்" என்றார்.

நீ இங்கே நின்றபோது கேட்டிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். மீள்குடியேறியபோது திட்டத்தில் கட்டித்தந்த வீடுகளை அரசாங்கம் திருத்தித் தரப்போகிறது. எங்கள் வீட்டில் குசினியோடு சேர்த்து ஒரு குளியலறையும் கக்கூசும் கட்டி, அப்பா படி ஏறாமல் போய்வர ஒரு சாய்தளமும் போடுவார்களாம். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அப்பா வளவின் பின்கோடிக்கு, அடிவளவுக் கக்கூசுக்குப் போய்வரும் பாட்டை நீயே கண்டாய். ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் நான். நடுவழியில் இளைப்பாற நின்று, "இதென்ன பிள்ளை, கீரிமலைக்கோ நடந்து போறம்?" என்று பகிடி விடுவார்.

வேலை தொடங்க வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அப்பா லேசில் கையெழுத்து வைக்கவில்லை. "வைச்சால், இனி எழும்பி நடக்கமாட்டன் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார். ஒரு கிழமை கழித்து, கேட்காமலே பேனாவை வாங்கி இடக்கையால் வைத்தார்.

இன்னொரு சம்மதமும் வேண்டும். அது உன்னுடையது. அடிவளவு மேடு, வீட்டுக் கழிவுத் தண்ணீர் அங்கே ஏறாது. ஒடுங்கின எங்கள் காணியில் கக்கூசுக் குழியை வேறெங்கே வெட்டினாலும் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. ஆகவே கிணற்றை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கிற உன் காணிக்கும் எங்கள் காணிக்கும் குழாய்த் தண்ணீர் தருவார்களாம். காணி உறுதியில் 'கிணற்றில் அரைப் பங்கு' என்று உன் பெயருக்கும் எழுதியிருப்பதால் நீயும் சம்மதம் தரவேண்டும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் கஜானன் அந்தக் கடதாசியைப் பொங்கலுக்கு முதலே தந்துவிட்டார். நீ சாப்பிட்டு எழும்பியதும் எடுத்துவரப் போனேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார். "பொங்கலுக்கு வந்த பிள்ளையிட்டைக் கையெழுத்துக் கேக்கிறதோ? என்ன பழக்கம் உது? அவள் வாயாலை ஓம் எண்டால் காணாதோ?" பிறகு உன்னிடம் வாயால்தான் கேட்டார். நீயும், "ஓம் மாமா, அதுக்கென்ன" என்றாய். கந்தோருக்கு அது காணாதாம். கடதாசியை இதனோடு வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் கதைத்தால் உன் மாமியார் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறா என்று நீ சொன்னதால் கடிதம். எனக்கும் இதுதான் விருப்பம்.

அன்புடன்,
நிவேதனா

*

வெள்ளவத்தை
09.02.2025

என் அன்பு மச்சாள்,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். இந்தக் காலத்தில் எனக்கு முத்திரை ஒட்டி எழுத வேறு யார் இருக்கினம்? தபால்காரர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மாமாவுக்குச் சொல்லு, நான் சொன்ன சொல் சொன்னதுதான் என்று. வாகீசனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன். இப்ப அவருக்குக் கந்தோரில் தலைக்கு மேல் வேலை. வீட்டுக்கு வந்தால் கதைக்கிறதே குறைவு.

ஒன்று கேட்பன், கோவிக்காதை. நீ எழுதினது எல்லாம் மாமாவுக்காக. உனக்கு என்ன விருப்பம்? அந்தக் கிணற்றடியில்தானே நாங்கள் இரண்டு பேரும் தலைக்குச் சீயக்காய் வைத்துக்கொண்டு உலகத்துக் கதை எல்லாம் கதைத்தோம்? அதை மூட உனக்கு மனம் வருமோ? உன்னை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் நல்ல பிள்ளையாய் இருந்துவிட்டு உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவாய். என்னிடமாவது மறைக்காமல் எழுது.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லு. மீன்காரர் வந்தால் கொஞ்சம் நெத்தலிக் கருவாடு வாங்கி வை. ஆரும் இந்தப் பக்கம் வந்தால் குடுத்துவிடு.

உன்ரை,
தர்சிகா

*

காங்கேசன்துறை
02.03.2025

அன்புள்ள மச்சாள்,

உன் கேள்வியைப் பல நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலையில் புத்தகங்களுக்கு அட்டை போட்டபடியே பதிலை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். உனக்கு மட்டும் சொல்லுகிறேன்.

கிணற்றை மூட எனக்கு விருப்பமில்லை. வேலையால் வந்து, அப்பா கண்ணயர்ந்த நேரம், ஒரு வாளி தண்ணீர் அள்ளி அதன் முன்னால் சும்மா இருப்பேன். நாள் முழுவதிலும் எனக்கென்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

ஆனால் உண்மை இதோடு முடியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டும்போது என் முகம் அவருக்குத் தெரியாதபடி பின்னால் நின்றுகொள்கிறேன். சில நாட்களில் எனக்கு அருவருக்கிறது. கைதான் அருவருக்கிறது, நான் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அவர் கூப்பிடுகிற குரல் கேட்டும் கேட்காததுபோல் சற்று இருந்துவிடுகிறேன். குளியலறை கட்டிவிட்டால் இந்த வாழ்க்கை வசதியாகிவிடும், வசதியாகிவிட்டால் நான் இங்கேயே கிழவியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. இந்த வேலை நடக்காமலே போனால் நல்லது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

நினைத்துவிட்டு அன்று பின்னேரம் அவருக்குப் பிடித்த ஒடியல் பிட்டு அவித்துக் கொடுத்தேன். "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்றார்.

எழுதிவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது. இதை வாசித்துவிட்டு நீ மறந்துவிட வேண்டும். கையெழுத்தை அனுப்பு, சித்திரைக்கு முதல் வேண்டும் என்று கஜானன் சொல்கிறார்.

அன்புடன்,
நிவேதனா

*

வெள்ளவத்தை
16.04.2025

அன்பு மச்சாள்,

புதுவருட வாழ்த்துகள். மாமாவுக்கும் சொல்லு. கைவிசேஷம் வாங்க வரமுடியவில்லை என்று கவலை.

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். பாவம் நீ. ஒன்றுக்கும் யோசிக்காதை. நாங்கள் எழுத வேண்டியதை நேரே கந்தோருக்கே எழுதி அனுப்பிவிட்டோம். எல்லாம் நன்மைக்குத்தான்.

கருவாடு கிடைத்தது. வாகீசனுக்கு நல்ல பிடிப்பு.

அவசரத்தில்,
தர்சிகா

*

காங்கேசன்துறை
12.06.2025

தர்சிகாவுக்கு,

திங்கட்கிழமை கஜானன் வந்தார். நீ எழுதி அனுப்பிவிட்டாய் என்ற சந்தோஷத்தில் அப்பா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எப்ப தம்பி கல்லுப் பறிச்சு வேலை தொடங்கிறியள்?"

"ஐயா, ஒரு சிக்கல். மற்றப் பங்குக்காரர் கிணறு மூட ஆட்சேபனை குடுத்திருக்கினம்."

"அவள் குடுக்கமாட்டாள். வேறை ஆரின்ரையோ கடதாசியை மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டீர்."

கஜானன் நல்ல பொடியன். மாறவில்லை என்று காட்டத்தான் கோப்பைத் திறந்தார். ஆட்சேபனையை வாசித்தார். அதில், விண்ணப்பித்த குடும்பத்துக்கே இந்த வேலையில் விருப்பமில்லை, சான்றின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. சான்று என்ன என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தைப் புரட்டி அதே குரலில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றேன். என் வசனத்தை இன்னொருவர் குரலில் கேட்டபோது முதலில் எனக்கே விளங்கவில்லை.

குளிப்பாட்டுகிற இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். "நிப்பாட்டாதையும்" என்றார் அப்பா. "மிச்சத்தையும் வாசியும்."

மிச்சத்தையும் வாசித்தார். நான் தேத்தண்ணியோடு கதவடியில் நின்றேன். முடிந்ததும் அப்பா, "ஆறப்போகுது, குடியும் தம்பி" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவதில்லை. அடிவளவுக்குப் போகப் பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணையைக் கூப்பிடுகிறார். அவர் கடலுக்குப் போய்விட்டால், வரும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். குளிக்க வைக்கிறேன் என்றால், "பரவாயில்லை, இண்டைக்குக் குளிர்" என்கிறார். வைகாசி வெயில், தர்சிகா.

கிணற்றில் உன் பங்கு உன்னுடையது. தரமாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழுதிருப்பேன், ஏசியிருப்பேன், பிறகு உனக்கே எழுதியிருப்பேன். உனக்கு மட்டும் என்று எழுதியதை எதற்காகக் கொடுத்தாய்? அது ஒன்றைச் சொல்லு.

நிவேதனா

*

வெள்ளவத்தை
01.07.2025

மச்சாள்,

உன் கடிதம் கண்டு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சத்தியமாய் அதை மாமாவுக்கு முன்னால் வாசிப்பினம் என்று நான் நினைக்கவில்லை. கோப்பில் கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

உள்ளதைச் சொல்லுறன். எங்கடை காணியில் நாலு அறை கட்ட வாகீசன் திட்டம் போட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து கப்பலில் வாற ஆக்கள், கீரிமலைக்கு வாற ஆக்கள் தங்க. பொங்கலுக்கு வந்தபோதே அளந்து பார்த்தவர். குழாய்த் தண்ணி வரும் வரும் என்று எத்தனை வருசமாய்ச் சொல்லுகினம்? கிணறு இல்லாவிட்டால் அந்தக் காணி ஒன்றுக்கும் உதவாது. மாமா கேட்டபோது வாகீசனும் பக்கத்தில் இருந்தார். மாமாவின் முகத்துக்கு நேரே மாட்டன் என்று நான் எப்படிச் சொல்ல? ஓம் என்றேன்.

உன் கடிதத்தை அவர்தான் எடுத்து வாசித்தார். "அவளுக்கே விருப்பமில்லை, பிறகேன் நீ யோசிக்கிறாய்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உன்னால் வாய் திறந்து சொல்லமுடியாததை நாங்கள் சொல்லிவிட்டால் உனக்கும் ஒரு விடுதலைதானே? நீயே யோசித்துப் பார்.

ஆட்சேபனை பற்றிப் பதினெட்டாம் திகதி கந்தோரில் வைக்கிற விசாரணைக்கு வாகீசன் வருவார். நீ ஒன்றும் எங்களுக்காகக் கதைக்கத் தேவையில்லை. அது நீ எழுதினது என்று மட்டும் சொன்னால் போதும். பொய் சொல்ல உனக்கு வராது, எனக்குத் தெரியும்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைத்துக் கீரிமலையில் தீர்த்தமாட வருவோம். வழமைபோல் உங்கள் வீட்டில்தான் தங்குவோம். வந்து மாமாவிடம் நானே கதைக்கிறன். எங்களுக்குள்ளை எவ்வளவு நாளைக்குக் கோவம்?

உன்ரை,
தர்சிகா

*

காங்கேசன்துறை
20.07.2025

விசாரணை முடிந்தது. வாகீசன் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பார். இது நான் கண்டது.

அப்பா வரவேண்டிய தேவை இருக்கவில்லை. "வீட்டுக்காரன் நான்தானே" என்று சொல்லி வேட்டி மாற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். விசாரித்தவர் ஓர் அம்மா. ஏறத்தாழ இப்படிச் சொன்னார்: "மற்றப் பங்குக்காரர் மறுத்தாலும், இப்பிடி ஏலாத ஒருத்தர் இருக்கிற வீட்டுக்கு நாங்கள் அனுமதி குடுக்க இடமிருக்கு. ஆனால் கேட்ட வீட்டுக்கே விருப்பமில்லை எண்டால் எங்களாலை ஏலாது." பிறகு வாகீசன் கொண்டுவந்திருந்த என் மூலக் கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். "தங்கச்சி, இது நீங்கள் எழுதினதோ?"

நான் வாய் திறந்தேன். ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறாய்.

"கொண்டாங்கோ, பாப்பம்" என்றார் அப்பா. இடக்கையால் வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்து மெல்ல மெல்லப் பார்த்தார். கண்ணாடி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. பார்த்து முடித்து மேசையில் வைத்தார்.

"இது என்ரை மகளின்ரை எழுத்தில்லை."

வாகீசன் சிரித்தார். "மாமா, பகிடி விடாதையுங்கோ. கடித உறையிலை பேரும் ஊரும் கிடக்கு."

"பேரை ஆரும் எழுதலாம், தம்பி. இப்பிடி எழுதிற பிள்ளை என்ரை வீட்டிலை இல்லை."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அப்பா சொல்லுறது சரியோ?"

"ஓம்" என்றேன்.

வாகீசன் தன் முறைக்கு எழும்பி ஏதோ சொன்னார்; எனக்குக் காதில் விழவில்லை. அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் கல் பறிக்க வருகிறார்கள். கிணறு அதற்குப் பிறகு.

ஓட்டோவில் அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குகிற நேரம் மார்க்கண்டு அண்ணையைக் கூப்பிடவில்லை. என் தோளிலும் கை வைக்கவில்லை. நானே அவருடைய கையை எடுத்து வைத்தேன். அவர் எடுக்கவில்லை. அப்படியே அடிவளவு மட்டும் போய்வந்தோம். அந்தச் சொல்லை எனக்காகச் சொன்னாரா, குளியலறைக்காகச் சொன்னாரா, அப்படி எழுதியவள் தன் மகளாக இருக்கமுடியாது என்று மெய்யாகவே சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

நீங்கள் அமாவாசைக்கு வரலாம். கீரிமலை எல்லோருக்கும் பொது. இங்கே படுக்க இடமிராது. அறைக்குள் சிமெந்து அடுக்கப்போகிறார்கள்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எழுதிய கடிதங்கள் உன்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கும். அவற்றைத் திருப்பிக் கேட்கமாட்டேன். எரித்துவிடு என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் நீ ஓம் என்பாய். ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக அப்பா நாலு பேருக்கு முன்னால் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் நிற்க வேண்டும். அது நிற்பதென்றால், காங்கேசன்துறையிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுகிற ஒருத்தி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.