பின்பக்க இடது ஸ்பீக்கர்

கார் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது. நான் பஸ்ஸில் போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, இன்றும் பட்டினி கிடக்காதே.

மதியம் மெக்கானிக் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. "ஒரு ஸ்பீக்கரக்கூட உங்களால சரி பண்ண முடியாதா?" என்று நேற்று என்னிடம் கத்தினாய். அது பழுதாகவில்லை. முன்சீட்டுக்கு அடியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்வெர்ட்டர் பெட்டியில், ஸ்பீக்கருக்கு ஒன்றாக நான்கு குமிழ்கள் உண்டு. பாப்பா தூங்க வேண்டும் என்று பின்சீட்டில் அவள் படுக்கும் இடப்பக்கத்துக் குமிழை மட்டும் முழுக்கக் குறைத்து வைத்தேன். அவள் நம்மை விட்டுப் போன பிறகும் அதை நான் தொடவில்லை.

வயர்களையெல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் கழன்றிருக்கவில்லை. சத்தம் வேண்டுமென்றால் அந்தக் குமிழை நீயே வலப்பக்கம் திருப்பு. என்னால் முடியவில்லை.

பி.கு.: மெதுவாகத் திருப்பு.