கேட்டால் மட்டும் பேசு

ஜூலை 14, ஞாயிறு

ஆண்டர்சன்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஜெனிபர் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஓயும் முன்பே, அடிமைகளுக்கு விடுதலை என்று அதிபர் அறிவித்ததைப் பற்றிய பேச்சு.

பெங்களூர் ஃபேக்டரியிலிருந்து கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் சேகர் ஃபோன் பண்ணினார். நான் புரோகிராம் பண்ணிய மெஷின் நின்றுவிட்டதாம். எங்கள் தொழிலில் ஆணையிடும் கன்ட்ரோலரை மாஸ்டர் என்போம். கேட்டால் மட்டும் பதில் தரும் கருவியை ஸ்லேவ், அதாவது அடிமை, என்போம். அதை விளக்கும்போது அவர் நடுவில் ஏதோ கேட்டார். எனக்கு எரிச்சல்.

"நீங்களும் ஸ்லேவ்தான் சேகர். கேட்டா மட்டும் பேசுங்க."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெனிபர் நிறுத்திவிட்டாள். "இன்னா மாமா, யாரை அப்படிச் சொன்ன?"

"மெஷினை. நீ உன் வேலையைப் பாரு."

பொய். அவள் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். குரல் இறங்கியிருந்தது.

சேகர் என்னைவிட வயதில் பெரியவர். இப்போதுதான் மெசேஜ் போட்டேன். "தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. அப்போ என்ன கேக்க வந்தீங்க?"

உடனே பதில் வந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

கேட்டதற்கு மட்டும் பதில்.