கெந்தத் தெரியாத கெட்டிக்காரிகள்

இன்றைக்குப் பின்னேரம் மழை விட்டதும் மைதானத்துக் கோடுகளுக்குப் புதிதாய்ச் சுண்ணாம்பு போட்டார்கள். ஈரப் புல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த மணம் யன்னலால் உள்ளே வந்தது. அடுக்கிக்கொண்டிருந்த சிலேட்டுகளை அப்படியே விட்டுவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீர் போன பிறகு மனதுக்குள் உம்மோடு பேசாத நாள் குறைவு. எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் இரண்டு பேரும் கண்டிக்குப் படிப்பிக்க வந்தது ஒரே தவணையில். நான் யாழ்ப்பாணத்தாள், நீர் ஹந்தானைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். பெரிய பெண்பிள்ளைகளும் வலைப்பந்தும் எனக்கு, அரிவரிச் சின்னதுகள் உமக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. "டீச்சரம்மா பந்தோட போறாங்க, எல்லாரும் வழி விடுங்க" என்று உம்முடைய சின்னதுகளை ஒதுக்கி நிறுத்தி என்னைச் சீண்டுவீர்.

வலைப்பந்து அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிசு. எனக்கோ படிப்பிக்கிற வழி ஒன்றே ஒன்றுதான் தெரியும். விதிகளைக் கரும்பலகையில் எழுதினேன், கொப்பியில் பார்த்தெழுத வைத்தேன், பாடமாக்கச் சொன்னேன், சோதனையும் வைத்தேன்! பந்தைப் பிடித்தவள் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க வேண்டும் என்றெல்லாம் கடகடவென்று ஒப்புவித்தார்கள். செல்வமணிக்கு முழுப் புள்ளி. ஆளும் நல்ல உயரம் என்று அவளையே வளையத்துக்குப் பந்து போட நிறுத்தினேன். பந்து வந்தால் கண்ணை மூடுவாள். தப்பித் தவறிப் பிடித்தாலோ நிற்க முடியாமல் தடுமாறுவாள். ஒருநாள் ஓடி வந்த வேகத்தில் கம்பத்தடியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விழும்போதுகூட எந்த விதியை மீறுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், பாவம்.

அவளுடைய தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மறுநாளே வந்து நின்றார். "பிள்ளையைப் படிக்க விட்டனாங்களோ, கை காலை முறிக்க விட்டனாங்களோ?" என்று அவர் போட்ட சத்தம் எல்லா வகுப்புக்கும் கேட்டது. வெள்ளைக்காரத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தவணை முடிவில் கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்தோடு போட்டி இருந்தது. அதில் இன்னொரு பிள்ளை இப்படி விழுந்தால் வலைப்பந்து நிறுத்தம். அந்த நேரம் முழுக்கத் தையலுக்குப் போய்விடும்.

கிழமையில் ஒரு மணித்தியாலமாவது அந்தப் பிள்ளைகள் வாய் விட்டுச் சிரித்துக் கத்தினது அந்த மைதானத்தில்தான். அதுவும் போகப்போகிறதே என்று உம்முடைய வகுப்பில் வந்திருந்து அழுதேன். நீர் அழ விட்டீர். பிறகு என் பந்தை வாங்கி உம்முடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்.

"நாளைக்கு எல்லாத்தையும் நொண்டியடிக்கச் சொல்லுங்க."

"கெந்தவோ? அதுகள் குமர்ப்பிள்ளையள். உமக்கென்ன விசரே?"

"நீங்க கெந்துறதுங்கிறீங்க, நாங்க நொண்டியடிக்கிறதுங்கிறோம். காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றீர். சிரிப்பு வரவில்லை எனக்கு. நீர் விடவில்லை. "சின்னதுல ஓடாதே, குதிக்காதே, மரத்துல ஏறாதேன்னு புடிச்சுப் புடிச்சு ஒக்கார வச்சுட்டாங்க. இப்ப வந்து பந்தைப் புடின்னா, அது என்னத்தைப் புடிக்கும்? நிக்கவே தெரியாத புள்ளைக்கு நிக்கிற சட்டத்தைப் படிச்சுக் குடுத்திருக்கீங்க டீச்சர்."

கோபத்தோடுதான் மைதானத்துக்குப் போனேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கெந்தப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் இரண்டு காலையும் ஊன்றினார்கள். ஒருத்தி மற்றவளைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். புல்லோரம் நின்ற உம்முடைய அரிவரிப் பட்டாளம் "முழங்காலை மடக்குங்க அக்கா!" என்று கத்தியது. என் முழுப் புள்ளிக்காரிகளை அப்போதுதான் முதல் தடவையாகக் கண் திறந்து பார்த்தேன்.

அதன் பிறகு படியிலிருந்து குதித்து முழங்கால் மடங்க நிற்கப் பழக்கினீர். கிளித்தட்டு விளையாட வைத்தீர். அதில் ஓடுகிறவள் சட்டென்று நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பந்துக்குப் பயந்தவர்களுக்குப் பழைய சீலையைச் சுருட்டிக் கட்டி எறிந்தீர். அது முகத்தில் பட்டாலும் நோகாது. கண்ணை மூடுகிற பழக்கம் தன்பாட்டில் போய்விட்டது. மற்ற ஆசிரியைமாருக்கோ கொண்டாட்டம்: "வலைப்பந்து முடிஞ்சு இப்ப பாலர் வகுப்போ?" அந்தக் கேலி தாங்காமல் ஒரு கிழமை உம்மோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன். நீர் வழக்கம்போல என் தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டுப் போவீர். போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கத்தான் அலுமாரியைத் திறந்தீர். அதற்குள் செல்வமணியின் கைக்கட்டும் அவிழ்ந்திருந்தது.

போட்டியன்று செல்வமணியின் தகப்பனும் வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, எப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிற நிற்பு. உயரமாய் ஒரு பந்து வந்தது. செல்வமணி எழும்பிப் பிடித்தாள், இறங்கினாள், முழங்கால் மடங்கியது, நின்றாள். நின்றதோடு நிமிர்ந்து, பந்தை எறிய யார் தனியாக நிற்கிறாள் என்று சுற்றிப் பார்த்தாள். முன்பெல்லாம் தன் காலைப் பார்க்கவே அவளுக்கு நேரம் சரி.

நீர் என் கையைக் கிள்ளினீர். "பாத்தீங்களா, காலைப் பத்தின கவலை போயிருச்சு. இப்பதான் அவ கண்ணுக்கு ஆட்டம் தெரியுது."

தோற்றுத்தான் போனோம். ஆனால் ஒருத்தியும் விழவில்லை. தலைமையாசிரியை தையல் கதையை எடுக்கவே இல்லை. தகப்பன் என்னிடம் வந்து, "அடுத்த முறை வெல்லப் பாருங்கோ" என்று கடுகடுத்துவிட்டுப் போனார். நீர் எனக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரித்தீர்.

மறு வருஷ விடுமுறைக்குப் போன நீர் காய்ச்சலில் படுத்து, பிறகு எழும்பவே இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. உம்முடைய வகுப்புக்கு ஆள் தேடினார்கள். எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். வெல்லத் தொடங்கிய அணியை விட்டுவிட்டு அரிவரிக்குப் போகிறாளே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். அணியை நான் எங்கே விட்டேன்? இங்கேயல்லவா அது தொடங்குகிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். புதிதாய்ச் சேர்ந்த ஒரு சின்னவள், சரியான பயந்தாங்கொள்ளி. என் விரலைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்கவே மாட்டாள். இன்றைக்கு விரலை விட்டாள். கெந்தினாள், தள்ளாடினாள், விழாமல் மறுபடியும் கெந்தினாள். "மிஸ், பாத்தீங்களா!" என்று முகமெல்லாம் சிரிப்பாய் என் பக்கம் திரும்பினாள்.

நானும் திரும்பினேன், உம்மிடம் காட்ட.