வண்டி வத்திராயிருப்பு தாண்டியாச்சு

என் செல்வி அக்காவுக்கு,

இன்று விடியற்காலையில் உன் போன் அடித்தது. நீ எங்களை விட்டுப் போன பிறகு அதில் யாரும் பேசியதில்லை. அம்மாதான் விடாமல் சார்ஜ் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். பதறி எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெண், "அக்கா, மம்சாபுரத்துல இருந்து பேசுதேன். இன்னைக்கு மெசேஜ் வரலையே, வண்டி எங்க வருது?" என்றாள்.

நேற்று சாயங்காலம் அதை நிறுத்தியவன் நான்தான். நீ மேனேஜராக இருந்து செய்த புராஜெக்ட், மில் வண்டி எங்கே வருகிறது என்று வேலைக்குப் போகிற பெண்களுக்கு மெசேஜ் அனுப்புவது. தோல்வி என்று மூடியதற்கு இன்னும் எதற்கு சர்வர் ஓடுகிறது என்று நம் கம்பெனி எம்.டி. கேட்டார். யாரும் பார்ப்பதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். நீ ஒவ்வொரு மெசேஜின் அடியிலும் உன் நம்பரைப் போட்டு வைத்தது எனக்கு எப்படித் தெரியும்?

மில்லுக்குத் தாமதமாக வருகிறவர்கள் குறைந்தால் வெற்றி. ஆரம்பத்திலேயே மில்காரர்களும் எம்.டி.யும் பேசி வைத்தது இதுதான். குறையவில்லை. கடைசி மீட்டிங்கில் உன்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அந்த வருத்தத்தோடேயே போய்விட்டாய்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன், மெசேஜ் இல்லாவிட்டால் என்ன என்று.

"முன்னாடி வண்டி எப்ப வருமோன்னு இருட்டோட வந்து நிப்போம்லா. விட்டுட்டா சோலி போயிருமே. வெறும் வயித்தோடதான் வருவோம்."

"அப்ப லேட்டா வாரது யாரு?"

"மில்லுக்குப் பக்கத்துலயே குடியிருக்காகல்லா, அவிய."

அப்போதுதான் உறைத்தது அக்கா. வண்டியில் வருகிறவர்கள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. பிறகு எது குறையும்? இத்தனை பேர் ஏசி ரூமில் உட்கார்ந்து பேசினோம், ஒருத்தராவது போய் அந்த ஸ்டாப்பில் நின்று பார்த்தோமா?

சர்வரைத் திரும்ப ஓடவிட்டபோதுதான் நீ எழுதிய மெசேஜை முழுசாகப் படித்தேன். "வண்டி வத்திராயிருப்பு தாண்டியாச்சு. சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க." அப்படியானால் அவர்கள் வெறும் வயிற்றோடு வந்து நின்றது உனக்குத் தெரியும். தெரிந்துமா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாய்? யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாயா? எனக்கு உன் மேல் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

நாளைக்கு எம்.டி.யைப் பார்க்கப் போகிறேன். அந்தப் பெண்களில் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டுதான் போவேன். நான் இருக்கிற வரை அந்த மெசேஜ் நிற்காது. உன் போன் அடித்தால் நான் எடுப்பேன்.

வைக்கும் முன் அந்தப் பெண், "நீங்க யாரு? அக்கா இல்லையா?" என்றாள். தம்பி என்றேன். நீ இறந்துவிட்டதைச் சொல்லவில்லை.

"அக்காகிட்ட சொல்லிருங்க, நாங்க இப்பல்லாம் சாப்பிட்டுத்தான் வாரோம்னு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டேன் அக்கா.

உன் கூடப் பிறந்தவன்,
முருகேசன்
ராஜபாளையம்