பித்தளைத் தகட்டு லத்தீன்

ஒரகடம்,
8-9-91

அன்பு அப்பாவு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு லத்தீன் தெரியும் என்று கம்பெனியில் நாலு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஷெட்டில் உள்ள ஜெர்மன் பிரஸ் மெஷினில் ஒரு பித்தளைத் தகடு. அதில் லத்தீனில் இரண்டே வார்த்தை. மேனேஜர் தேவநாதன் அர்த்தம் கேட்டார். பாதிரியார் ஆவதற்குப் படித்த குருமடத்திலிருந்து ஓடிவந்த உன்னோடு ஒரே அறையில் தங்கியவனாயிற்றே நான்! "மத்தியானம் அரை மணி நேரம் மெஷினை நிறுத்தி வைக்கவும்" என்று அளந்துவிட்டேன். மனிதர் நம்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த அரை மணி ஷெட்டே கேன்டீனில்தான்: டீ, வம்பு, தாயம்.

அடுத்த மாதம் மெஷினைச் செய்த கம்பெனியின் இன்ஜினீயரே வருகிறாராம். குட்டு உடைந்தால் அரை மணி போய்விடும். ஐம்பது பேரும் என்னைப் பிய்த்துவிடுவார்கள். தகட்டில் உள்ளதைக் கீழே வரைந்திருக்கிறேன். காப்பாற்று.

உன்,
ரகுபதி

*

வாலாஜாபாத்,
12-9-91

அடே புளுகா,

இரண்டு வார்த்தைக்கு ஏழு வார்த்தையில் அர்த்தம் சொன்னவன் நீ ஒருவன்தான். ரைஸ் மில்லில் தனியாகச் சிரித்து முதலாளியிடம் முறைப்பு வாங்கினேன்.

அர்த்தத்தை நான் சொல்லமாட்டேன். நீயே படித்துக் கண்டுபிடி. இலக்கணம் உன் மண்டையில் ஏறாது. குருமடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த மாதிரி விலங்குக் கதைகளும், கேடயங்களில் பொறிக்கிற வாசகங்களும் அனுப்புகிறேன். தினம் ஒன்று, வாய்விட்டுப் படி.

அப்பாவு

*

ஒரகடம்,
27-9-91

குருவே,

நரி உல்பேஸ், நாய் கானிஸ், ஓநாய் லூபுஸ். சூப்பர்வைசர் சுப்பராயனை ஒரு வாரமாக லூபுஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். ஏதோ பட்டம் என்று மனிதர் பூரித்துப்போகிறார்.

கம்பெனி பஸ்ஸில் வாய்விட்டுப் படித்தேன். கேன்டீன் முனியம்மாள் திரும்பி, "இன்னா சார், மந்திரம் சொல்லிகினு வர? யாருக்கு சூனியம் வெக்கப் போற?" என்றாள். அன்றிலிருந்து என் பக்கத்து சீட் காலி.

விஷயத்துக்கு வருகிறேன். சிங்கமும் எலியும் கதையில் 'லேயோ குவியெஸ்கித்', சிங்கம் ஓய்வெடுக்கிறது. குவியெஸ்கித்! தகட்டின் இரண்டாவது வார்த்தையே அதுதானடா! என் புளுகு பலித்துவிட்டது! முதல் வார்த்தை 'நும்குவாம்' மட்டும் பாக்கி. மத்தியானம் என்று இருக்குமோ?

உன் மாணவன்,
ரகுபதி

*

வாலாஜாபாத்,
1-10-91

ரகுபதி,

நும்குவாம் என்றால் 'ஒருபோதும் இல்லை'. ஆக, உங்கள் மெஷின் ஒருபோதும் ஓய்வதில்லை.

மெடிக்கல் லீவு போடு. உனக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

அப்பாவு

*

ஒரகடம்,
26-10-91

அன்பு அப்பாவு,

லீவு போடவில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் பூசும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நும்குவாம் மேல் ஒரு கை சந்தனத்தை அப்பி, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குங்குமமும் வைத்தேன்.

திங்கட்கிழமை இன்ஜினீயர் வந்தார். மெஷினைத் திறந்து பார்த்து, "தேய்மானமே இல்லையே, எப்படி?" என்று கேட்டார்.

"உங்கள் தகடு சொன்னபடி தினமும் ஓய்வு கொடுக்கிறோம்" என்றார் மேனேஜர்.

இன்ஜினீயர் குனிந்தார். சந்தனத்தைச் சுரண்டக் கையை நீட்டினார். டீ கொண்டுவந்த முனியம்மாள் போட்டாளே ஒரு அதட்டல்: "தொடாத சார்! சாமி கண்ண குத்தும்!"

பாஷை புரியாவிட்டாலும் பயம் புரிந்தது, கையை இழுத்துக்கொண்டார். மிச்சம் தெரிந்ததை மட்டும், "குவியெஸ்கித்" என்று படித்துத் தலையாட்டினார். தினமும் அரை மணி ஓய்வு கட்டாயம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார்! ஷெட்டே என்னைத் தோளில் தூக்கியது. லூபுஸும் ஒரு காலைத் தாங்கினார்.

உன் மாணவன்,
ரகுபதி

பி.கு.: ஓய்வு மெஷினுக்கு மட்டும்தான் என்று மேனேஜர் நேற்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அந்த அரை மணி நேரம் நாங்கள் ஷெட் பெருக்குகிறோம்.