குட்டைக்குப் போன மணிச்சத்து

இன்று காலை மண் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்தது. மை வாசனைகூடப் போகவில்லை. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ்: அதிகம். படித்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே, "அடியே, நீ சொன்னதுதான்டி!" என்று கத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நீ இருந்திருந்தால் போன் போட்டே உன் காதைக் கிழித்திருப்பேன்.

நாம் இருவரும் செராமிக் கம்பெனியில் களிமண் கூழ் கலக்கிக்கொண்டிருந்த காலம். அந்த வருஷம் என் வயலில் மல்லாட்டைக் கடலைக்கு ஒரு மூட்டை போடவேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை டிஏபி உரம் தூவினேன். கூடப் போட்டால் கூடக் காய்க்கும் என்று ஒரு திமிர். மறுநாளே மழை கொட்டி, மேல்மண்ணெல்லாம் வாய்க்கால் வழியாக உன் வீட்டு மீன் குட்டைக்குப் போய்விட்டது. சில நாளில் குட்டை பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று ஆகி, மீன்கள் செத்து மிதந்தன.

நீ சண்டைக்கு வரவில்லை. கம்பெனியில் கெட்டிக் கூழில் ஒரு சிட்டிகை வெள்ளைத்தூளைப் போட்டுக் கலக்கினாய். கூழ் மோர் மாதிரி ஓடியது.

"இதுவும் ஒன் டிஏபி மாதிரி பாஸ்பேட்டுதான்டி. களிமண்ணு மேல எப்டி ஒட்டிக்குது பாரு. நீ வருஷா வருஷம் கொட்டுனதும் இப்டித்தான் மண்ண புடிச்சிக்கினு கெடக்குது. மண்ணு ஓடுனா அதுவும் ஓடுது."

"ஒன் குட்டை கெட்டதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?" என்று முறைத்துக்கொண்டு ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. அப்புறம் டீ குடித்தோம், சிரித்தோம். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. போன வருஷம் நீ கண்ணை மூடிவிட்டாய்.

இந்தச் சத்தை எங்கோ பாறையாகத் தோண்டி, கப்பலேற்றி, லாரியேற்றி, என் வயலையும் தாண்டி உன் குட்டையில் சேர்த்திருக்கிறோம்! அது மறுபடி பாறையாக எத்தனை யுகம் ஆகுமோ? நினைக்கவே புல்லரிக்கிறது. இத்தனையையும் ஒரு சிட்டிகைத் தூளில் காட்டினாயே!

இந்த வருஷம் டிஏபி வேண்டாம் என்றேன். வீட்டில் அவர், "டிஏபி இல்லாம வெதைக்கிறதா? வெளங்கிடும்" என்றார். சீட்டை நீட்டினேன், வாங்கி இரண்டு தரம் படித்தார். மண் ஓடாமலிருக்க வரப்பை முன்பே உயர்த்தியாயிற்று. நேரே உன் வீட்டுக்கு ஓடினேன். குட்டை அன்றிலிருந்து சும்மாதான் கிடக்கிறது.

"பாய், மறுபடியும் மீன் குஞ்சு வுடுங்க. அன்னிக்கி மீனு செத்தது நான் போட்ட உரத்தாலதான்."

உன் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒத்துக்கிட்டீங்களா! அவ மவுத்தாவுற வரைக்கும் மழையாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தா. ஒங்க பேர எடுக்கவே இல்ல."

தப்பு என்னோடதுதான்டி. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாத பாரம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அடுத்த வாரம் குஞ்சு வருகிறது. குட்டையில் இறங்கி விடப்போவது நான்தான்.